பட்டியலில் இரண்டு வரி: தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

கோடை வாசிப்புப் பட்டியல் பற்றி நான் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களும் உங்களிடம் இருக்கின்றன. பெற்றோர் கூட்டத்தில் எனக்குக் கிடைத்த பதிலும் உங்களுக்கு நினைவிருக்கும். "நல்ல கதைதானே, யார் எழுதினால் என்ன?" அந்தப் பதிலோடு என்னால் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியவில்லை. அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

'தி எஜுகேஷன் ஆஃப் லிட்டில் ட்ரீ' நூலுக்கு எதிரே 'செரோக்கிச் சிறுவன் ஒருவனின் உண்மைக் கதை' என்று போட்டிருக்கிறீர்கள். (செரோக்கிகள் அமெரிக்கப் பூர்வகுடி மக்கள்.) 'உண்மை' என்பதை எடுத்துவிட்டு, எழுதியவர் யார் என்று இரண்டு வரி சேருங்கள். நூலைத் தூக்கிவிடச் சொல்லவில்லை.

தாய் தகப்பனை இழந்த பிள்ளையைத் தாத்தாவும் பாட்டியும் மலைக்காட்டில் வைத்து வளர்க்கும் கதை அது. என் பையனுக்கு ஒன்பது வயது. ஊரில் இருக்கும் தன் தாத்தாவை நினைத்துக்கொண்டு படித்தான்; படித்து அழுதான். போன மாதம் சார்லட்டிலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டி, கிழக்குச் செரோக்கிகள் வாழும் செரோக்கி ஊருக்கு அவனைக் கூட்டிப்போனோம். அங்கே ஓர் அம்மா ஆற்றோர மூங்கிலைக் கீற்றாக்கிக் கூடை முடைந்துகொண்டிருந்தார். இவன் அவர் முன்னால் போய் நின்று, நூலில் மனப்பாடம் செய்திருந்த ஒரு 'செரோக்கிச் சொல்லை' சொன்னான். அவருக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னான். உச்சரிப்புதான் தப்போ என்று மூன்றாவது தடவையும் மெதுவாகச் சொன்னான். அவர் கையிலிருந்த கீற்றைக் கீழே வைத்துவிட்டு, "அது எங்கள் சொல் இல்லை, கண்ணா" என்ற மாதிரி அன்பாகத்தான் சொன்னார். பாட்டியை 'எலிசி' என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லியும் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் பையன் பேசவில்லை. வீடு நெருங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டான்: "அப்போ அந்தத் தாத்தா யாரும்மா?"

அந்தத் தாத்தா கற்பனை. 1976-இல் அந்த நூலைத் தன்வரலாறு என்று வெளியிட்ட 'ஃபாரஸ்ட் கார்ட்டர்' அலபாமாக்காரரான ஏசா கார்ட்டர். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் குழு ஒன்றை நடத்தியவர். 1963-இல் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் "இன்றும் நாளையும் என்றென்றும் இனப்பிரிவினையே" என்று முழங்கிய உரையை எழுதியதில் அவருக்குப் பங்குண்டு. பெற்றோரிடம் வளர்ந்தவர் தன்னை அநாதை என்று எழுதிக்கொண்டார். 1991-இல் நியூயார்க் டைம்ஸ் இதழே அந்த நூலைத் தன் விற்பனைப் பட்டியலில் புனைவுப் பிரிவுக்கு மாற்றியது. பத்திரிகை மாற்றிக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நம் பள்ளிப் பட்டியலில் மட்டும் ஏன் மாறக் கூடாது?

யார் எழுதினால் என்ன என்றீர்களே, அந்த மக்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1838-இல் சுமார் 16,000 செரோக்கிகளை ராணுவத்தை வைத்து இந்த மலைகளிலிருந்து மேற்கே துரத்தினார்கள். வழியிலும் முகாம்களிலும் ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். தப்பித்து இங்கேயே தங்கிய கிழக்குச் செரோக்கிகளின் பிள்ளைகளைப் பிற்பாடு உறைவிடப் பள்ளியில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். பேரனுக்குப் பாட்டி சொல்லித்தர வேண்டிய மொழி அங்கேதான் அறுந்தது. இன்று அதைச் சரளமாகப் பேசுபவர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர்தான், பெரும்பாலும் வயதானவர்கள். நம் பிள்ளைகளின் வாயில் தமிழ் நிற்கட்டும் என்று சனிக்கிழமைதோறும் பள்ளி நடத்தும் உங்களுக்கு இந்த வலியை நான் விளக்க வேண்டுமா?

காடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோச்சான் என்று ஒரு கீரை. வசந்தத்தில் செரோக்கிப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளோடு போய்ப் பறிப்பது. மலையைத் தேசியப் பூங்காவாக்கிய பிறகு அங்கே பறிப்பது குற்றமாகிவிட்டது. 2019-இல்தான், அதுவும் ஓர் ஒப்பந்தம் போட்டு, அனுமதிச் சீட்டோடு பறிக்கும் உரிமை கிழக்குச் செரோக்கிகளுக்குத் திரும்பக் கிடைத்தது. தன் பாட்டி பறித்த கீரையைப் பறிக்க அரசிடம் சீட்டு வாங்கும் மக்கள் அவர்கள். செரோக்கிப் பாட்டி பேரனோடு காட்டுக்குப் போகும் உண்மைக் கதை பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் இதோ இருக்கிறது. இதை விட்டுவிட்டு, இனவெறிக்கு உரை எழுதிய கையிலிருந்து வந்ததை 'உண்மை' என்று ஏன் கொடுக்கிறோம்?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்காமல் உழைக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பக் கேட்கிறேன், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு இரண்டு வரி சேருங்கள். "இது கற்பனைக் கதை. எழுதியவர் செரோக்கி அல்லர். இனப்பிரிவினைக்காக வேலை செய்தவர்." இவ்வளவு போதும். நூலகத்தில் இருக்கும் பிரதிகளில் ஒட்டும் வேலையை நானே செய்து தருகிறேன், வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும். தயவுசெய்து அதற்கு அனுமதி கொடுங்கள்.

பணிவுடன்,
மூன்றாம் நிலை மாணவன் ஒருவனின் அம்மா