கொன்சோ குக்கிராமம் அல்ல, ஆசிரியரே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் தெற்கு எத்தியோப்பியாவைப் பற்றி வந்த பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக, இரண்டாம் தடவை எரிச்சலோடு. கொன்சோ என்ற பெயரைத் தமிழ்ப் பத்திரிகையில் அச்சில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை, அதனால் சந்தோஷம். தலைப்புக்குக் கீழே "காலம் உறைந்துபோன ஆதிவாசிக் குக்கிராமம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்களே, எரிச்சல் அதற்குத்தான்.

நான் கட்டடப் பொறியியல் வாத்தியார். 2009-லிருந்து ஐந்து வருஷம் தெற்கு எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தேன் (நம்மூர் வாத்தியார்கள் அங்கே நிறையப் பேர் போயிருக்கிறோம், அது தனிக் கதை). அர்பா மின்ச் நகரத்திலிருந்து தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் போனால் கொன்சோ மலைநாடு. அதன் தலைமை ஊர் கராத். பஸ் நிலையம், சந்தை, வங்கி, செல்போன் கடை எல்லாம் இருக்கிற ஊர், உயரம் ஏறத்தாழ 1,650 மீட்டர். வகுப்பில் ஒரு கொன்சோ பையன் இருந்தான். லீவு கிடைக்கும்போதெல்லாம் அவனோடு அங்கே போய்விடுவேன், அதனால் கேட்டது பாதி, பார்த்தது பாதி என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தப் பெரிய படம். நீங்கள் அரைப் பக்கத்துக்குப் போட்டது கெசெர்கியோ. செம்மண் தூண் தூணாக, கோபுரம் கோபுரமாக நிற்கிற பள்ளம். எட்ட நின்று பார்த்தால் அடுக்குமாடிக் கட்டடங்கள் மாதிரி தெரிவதால் "நியூயார்க்" என்றே பெயர் விழுந்துவிட்டது, உள்ளூர் வழிகாட்டிகளும் அப்படித்தான் சொல்லிக் கூட்டிப்போவார்கள். பார்க்க அழகுதான், நானும் வாய் பிளந்து நின்றிருக்கிறேன். ஆனால் அது மழைத்தண்ணீர் மண்ணை அறுத்துக்கொண்டு போன இடம், ஐயா. அப்படி மண் போய்விடக் கூடாது என்றுதான் அந்த ஜனங்கள் 400 வருஷத்துக்கு மேலாக மலையைக் கல்லால் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கட்டியதில் ஒரு படம்கூட உங்கள் பக்கத்தில் இல்லை. வைத்தியரைப் பற்றி எழுதப் போய்ப் புண்ணைப் படம் பிடித்துப் போட்ட கதையாகிவிட்டது.

அடுக்கு வயல் என்றால் நமக்கெல்லாம் பச்சைப் பசேலென்று தண்ணீர் நிற்கிற நெல் வயல்தான் ஞாபகம் வரும். கொன்சோவில் அப்படி இல்லை, அது வறண்ட சீமை. வருஷத்தில் இரண்டு மழைக்காலம், இரண்டையும் நம்ப முடியாது, வந்தால் ஒரேயடியாகக் கொட்டும், வராவிட்டால் வராது. மலையெல்லாம் கல். அந்தக் கல்லைப் பொறுக்கிச் சரிவுக்குக் குறுக்கே சுவராக அடுக்கி, சுவருக்குப் பின்னால் மண்ணை நிறுத்தி, அதில் சோளமும் மக்காச்சோளமும் பருத்தியும் அவரை வகைகளும் கலந்து போடுகிறார்கள், நடுநடுவே மரம். காரை கிடையாது, சிமெண்ட் கிடையாது, சில இடத்தில் சுவர் 5 மீட்டர் உயரம். 2011-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது 55 சதுர கிலோமீட்டர் பரப்பை, நம் கணக்கில் 13,500 ஏக்கருக்கு மேல். இத்தனையும் மனிதக் கை தூக்கி வைத்த கல்.

அந்தப் பையனின் அப்பா சரிந்த சுவரைத் திரும்பக் கட்டுவதை ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ராத்திரி மழையில் ஆறேழு அடி நீளத்துக்கு வயிறு தள்ளி விழுந்திருந்தது. விழுந்த கல்லையெல்லாம் அப்படியே எடுத்து அடுக்கிவிடவில்லை மனிதர், முதலில் பெரிசு சிறிசு என்று பிரித்துப் போட்டார். பெரிய கல் அடியில் போனது, நீளமான கல்லை முகம் வெளியே தெரிகிற மாதிரி வைக்காமல் வால் உள்ளே மண்ணுக்குள் போகிற மாதிரி வைத்தார், சுவரின் முதுகில் சில்லுக் கற்களாகக் கொட்டினார், ஒவ்வொரு வரிசைக்கும் சுவரை ஒரு விரல் அளவு மேட்டுப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டே வந்தார். வைத்த கல்லின் மேல் ஏறி நின்று ஆட்டிப் பார்ப்பார், ஆடினால் ஒரு சில்லை ஆப்பு மாதிரி செருகுவார். நான் வகுப்பில் தாங்குசுவர் பாடத்தில், பின்னால் தண்ணீர் தேங்கினால் சுவர் தள்ளிவிடும், அதனால் வீப் ஹோல், அதாவது தண்ணீர் கசிந்து வெளியேற ஓட்டை, விட வேண்டும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். இவருடைய சுவர் முழுக்க வீப் ஹோல்தான். தண்ணீர் தேவையான அளவு மண்ணில் இறங்கும், மிச்சம் கல்லிடுக்கில் கசிந்து அடுத்த படிக்குப் போகும். பையன் என்னைப் பார்த்து, "சார், இதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்றான். சரி, அதை விடுங்கள்.

ஊர் விஷயத்துக்கு வருகிறேன். குக்கிராமம் என்று எழுதியது தப்பு. பாரம்பரியப் பட்டியலில் வருகிறவை சுவர் சூழ்ந்த 12 ஊர்கள். பலேட்டா என்பார்கள். மலை உச்சியிலோ மேட்டிலோ பார்த்து ஊரை வைத்து, சுற்றிலும் கல் மதில், சில ஊர்களுக்கு ஒன்றுக்கு வெளியே ஒன்றாக ஆறு மதில்வரை உண்டு. சனத்தொகை பெருகினால் பழைய மதிலுக்கு வெளியே வீடு கட்டி அதையும் சேர்த்துப் புது மதில் போடுவார்கள். உள்ளே ஒற்றை ஆள் போகிற சந்து, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கல்சுவரும் மரக்கட்டை வேலியும். வீட்டு வாசலில் குனிந்தால் போதாது, ஏறக்குறைய தவழ்ந்துதான் நுழைய வேண்டும். எதிரி வந்தால் தலைதான் முதலில் உள்ளே வரும் என்பது கணக்கு. எனக்கு முழங்கால் வலி, முதல் நாள் நான் நுழைந்த லட்சணத்தைப் பார்த்து "ஃபரஞ்சி, ஃபரஞ்சி" (வெளிநாட்டுக்காரன்) என்று தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

ஊருக்குள் மோரா என்று பொது மந்தை. ஒரே ஊரில் 17 மோராகூட உண்டு. பஞ்சாயத்து, சடங்கு, விளையாட்டு எல்லாம் அங்கேதான். மந்தையை ஒட்டிப் பெரிய கூரை போட்ட வீடு இருக்கும். நம் தெற்கத்திச் சாவடியேதான், ஐயா. கல்யாணமாகாத பையன்கள் ராத்திரி அதில்தான் படுக்க வேண்டும், தீப்பிடித்தாலோ ஆபத்து என்றாலோ முதலில் ஓடுகிற ஆட்கள் அவர்கள். அப்புறம், சில மோராக்களில் வழவழவென்று ஒரு உருண்டைக் கல் கிடக்கும். தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோய்ப் பின்னால் போட்டால்தான் அவன் கல்யாணத்துக்கு ஆனவன் என்று சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் பக்கத்து இளவட்டக்கல்லைப் பற்றி நான் சொன்னபோது நம்பவே இல்லை, செல்போனில் படம் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். உங்கள் கட்டுரையாளர் இந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறார், என்னவென்று கேட்கத் தோன்றவில்லை போல.

அவர்களுக்குக் காலக்கணக்கு உண்டு என்பதற்கும் அத்தாட்சி மோராவிலேயே நிற்கிறது. தலைமுறை மாறும்போது ஒரு நெட்டை மரத்தை நட்டு, முன்பு நட்டவற்றோடு சேர்த்துக் கட்டுவார்கள். நான் போன ஊரில் 18 வருஷத்துக்கு ஒன்று. மரத்தை எண்ணிப் பதினெட்டால் பெருக்கினால் ஊரின் வயது, மிச்சம் உளுத்துப் போனது எத்தனையோ. கூடவே குத்துக்கல்லும் நடுவார்கள், டகா ஹேலா என்று பெயர். எங்கேயோ மலையில் வெட்டி, ஊரே சேர்ந்து சுமந்து வந்து, சடங்கு செய்து நிறுத்துவது. பெருங்கற்கால மரபு என்று நாம் அருங்காட்சியகத்தில் பலகை மாட்டி வைத்திருக்கிற காரியத்தை அவர்கள் இன்னும் செய்கிறார்கள். 21 தலைமுறைக் கணக்கு இருக்கிற ஊரைப் பார்த்துக் காலம் உறைந்துவிட்டது என்றால் எப்படி? ஆதி வேண்டுமென்றால் அதற்கும் பக்கத்திலேயே இடம் உண்டு. கொன்சோ பகுதியில் தோண்டியதில் சுமார் 17.5 லட்சம் வருஷம் பழைய கல் கோடாரிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை ஆதி என்று எழுதுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

"அவர்கள் வணங்கும் மரக் கடவுள்கள்" என்று ஒரு படக்குறிப்பு. அவை கடவுளே அல்ல. வாகா என்று பெயர், செத்துப்போன பெரிய மனிதரின் நினைவுக்குச் செதுக்கி நடுவது. நடுவில் அவர், நெற்றியில் வீரத்துக்கான அணி, பக்கத்தில் மனைவிமார், அப்புறம் அவர் கொன்ற எதிரிகள், அடித்த சிறுத்தை. வைரம் பாய்ந்த மரத்தில் செதுக்கி, கண்ணுக்குத் தீக்கோழி முட்டை ஓடும் பல்லுக்கு எலும்பும் பதிப்பார்கள். நம் நடுகல்லைப் பார்த்து யாராவது கடவுள் பொம்மை என்று எழுதினால் உங்கள் அலுவலகத்துக்கு எத்தனை கடிதம் வரும்?

இதில் வேதனையான விஷயம் வேறு இருக்கிறது. வாகாக்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கப்பட்டு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்கப்பட்டன. மீட்டதையும் மிஞ்சியதையும் காப்பாற்றத்தான் கராத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், புராட்டஸ்டண்ட் சபைகளுக்குப் போன குடும்பங்கள் வாகா வைப்பதை விட்டுவிட்டன. செதுக்குகிற கை குறைந்துவிட்டது. இப்படியிருக்க உங்கள் கட்டுரையாளர், "பேரம் பேசினால் பழைய சிலையே கிடைக்கும்" என்று வாசகர்களுக்கு யோசனை சொல்கிறார். யாரோ ஒருவர் அப்பாவின் கல்லறையிலிருந்து எடுத்ததைப் பேரம் பேசி வாங்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதம் என்றாலும் சரிதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் சர்க்கரை தடவியவனாகிவிடுவேன். கொன்சோவில் எல்லாரும் ஓர் நிறை இல்லை. உழுகிறவர்கள் ஒரு பிரிவு. நெய்கிறவர், பானை வனைகிறவர், இரும்படிக்கிறவர், தோல் பதனிடுகிறவர் இன்னொரு பிரிவு. முன்னவர் பின்னவரோடு சம்பந்தம் வைத்துக்கொள்வதில்லை என்பது பழைய கட்டுப்பாடு. வயலுக்குப் போகிற கொழு, உடுத்துகிற பருத்தித் துணி, கூரை உச்சியில் கவிழ்க்கிற பானை எல்லாம் யார் கையால் ஆனதோ அவர்களையே தள்ளி வைப்பது. பையன் இதை ரொம்பக் கூச்சத்தோடு சொன்னான். "எங்க ஊர்க்காரன் கிட்ட இதைச் சொல்லக் கூச்சப்படாதே, நாங்கள் இதில் பட்டமே வாங்கியவர்கள்" என்றேன்.

சாப்பாட்டைப் பற்றி "ஏதோ இலையை அவித்துத் தின்கிறார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அது முருங்கைக் கீரை, ஐயா! நம் முருங்கைக்குப் பெரியப்பா பிள்ளை. மரம் வேறு இனம், அடிமரம் பருத்துத் தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்ளும், இலையும் பெரிசு, வறட்சியிலும் துளிர்க்கும். வீட்டு முற்றத்திலும் இருக்கும், வயலிலும் இருக்கும். சோளமாவை உருட்டி இந்தக் கீரையோடு வேகவைத்துத் தருவார்கள், குர்குஃபா என்று பெயர். முதல் வாய் வைத்ததும் எனக்கு எங்கள் ஆத்தா சுட்ட சோள அடை ஞாபகம் வந்தது. அந்தச் சோளமும் ஆப்பிரிக்காவில் பயிராகித்தான் நம்மிடம் வந்தது. காயைச் சமைப்பார்களா என்று கேட்டேன், கீரை மட்டும்தான் என்றார்கள். இவ்வளவு பெரிய மரத்தை வைத்துக்கொண்டு ஒரு சாம்பாருக்கு வழியில்லை என்று நொந்துகொண்டு, கொடுத்த சோளக் கள்ளைச் சுரைக்குடுவையில் வாங்கிக் குடித்தேன். அது புளிப்பாக, கூழ் மாதிரி, வயிற்றை நிரப்பும்.

இந்தச் சுவரெல்லாம் இருந்தும் வானம் பொய்த்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் உண்மை. 2022, 2023 வாக்கில் வந்த வறட்சியில் அங்கே ஏராளமான குடும்பங்கள் நிவாரணத் தானியத்துக்கு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பு 2020-ல் அந்த வட்டாரத்தில் நடந்த சண்டையில் வீட்டை விட்டு ஓடியவர்கள் வேறு. ஆள் ஊரில் இல்லையென்றால் சுவரைக் கவனிக்க ஆளில்லை. ஒரு மழைக்கு ஒரு கல் விழும், அதை எடுத்து வைக்காவிட்டால் அடுத்த மழைக்கு அந்த இடத்தில் பத்தடி போகும், அதற்குக் கீழே இருக்கிறவன் வயலும் சேர்ந்து போகும். என் மாணவன் இப்போது அடிஸ் அபாபாவில் வேலை பார்க்கிறான். போனில் பேசினால் சம்பளத்தைப் பற்றிச் சொல்வதைவிட, ஊரில் எந்தச் சுவர் நிற்கிறது எது விழுந்தது என்று சொல்வதுதான் அதிகம்.

ஆகையால் என் கோரிக்கை சின்னதுதான். "மரக் கடவுள்கள்" என்ற படக்குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பழைய சிலை வாங்கலாம் என்ற வரியை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள். நியூயார்க் படம் இருந்த இடத்தில் அடுக்கு வயல் படம் ஒன்று போட மனம் வந்தால் என்னிடம் நாலைந்து இருக்கின்றன, காசு வேண்டாம், அனுப்பி வைக்கிறேன். எல்லாம் பழைய கேமராவில் எடுத்தது, அவ்வளவு தெளிவாக இருக்காது. நன்றாக வந்த ஒன்றில் பையனின் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். திரும்புங்கள் என்று சொல்லச் சொன்னேன். கையில் கல் இருக்கிறது, வைத்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டாராம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டடப் பொறியியல் ஆசிரியர்,
தென்காசி