தாராவி பிள்ளைங்களுக்கு ஸ்லைடு அனுப்புற டீச்சர்களுக்கும் வாலண்டியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் டீச்சர், வணக்கம் சார், சனி ஞாயிறு ஆனா போவாய்ல இருந்தும் நவி மும்பைல இருந்தும் ட்ரெயின் மாறி வந்து பாடம் எடுக்குற தம்பி தங்கச்சிங்களே, உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். நீங்க பாடத்தை ஸ்லைடா போட்டு வாட்ஸ்அப் குரூப்ல அனுப்புறது எவ்ளோ பெரிய உதவின்னு எனக்கு நல்லாவே தெரியும், மும்பைல தமிழ் மீடியத்துல படிக்கிற பிள்ளைக்கு ஒரு கைடு வேணும்னா கூட தேடி அலையணும், அதனால அனுப்பாதீங்கன்னு சொல்ல வரல. அனுப்புறதுக்கு முன்னாடி அந்த பிபிடி, அதாவது பவர்பாயின்ட் ஃபைல், எத்தனை எம்பி இருக்குன்னு ஒரு தடவை பாருங்க, குறைச்சிட்டு அனுப்புங்க, கேக்குறது அவ்ளோதான்.

ஏன் கேக்குறேன்னா, இங்க பல வீட்டுல ஸ்மார்ட்போன் ஒண்ணே ஒண்ணுதான், அது அப்பாவோட இல்ல அம்மாவோட வேலைக்கு போயிட்டு ராத்திரிதான் பிள்ளை கைக்கு வரும், அதுக்குள்ள அன்னைக்கு டேட்டா முக்காவாசி தீர்ந்திருக்கும். 2024 ஜூலைல பெரிய மொபைல் கம்பெனி மூணும் ரீசார்ஜ் ரேட்டை ஏத்தினதுல இருந்து பெரிய பேக் போடவும் யோசிக்கிறாங்க. டெய்லி டேட்டா தீர்ந்ததும் நெட் நிக்காது ஆனா நிறைய பேக்ல ஸ்பீடு 64 கேபிபிஎஸ்க்கு இறங்கிடும், அதாவது செகண்டுக்கு வெறும் 8 கேபி. அந்த ஸ்பீடுல 60 எம்பி ஃபைல் இறங்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதே பாடம் 3 எம்பில இருந்தா ஆறு ஏழு நிமிஷம். அதுவும் கல்லிக்குள்ள, அதாவது குறுகலான சந்துக்குள்ள, கீழ் ரூம்ல இருக்குற பிள்ளைக்கு சிக்னல் விட்டு விட்டு வந்து பாதில நின்னுடும், நாளைக்கு கிளாஸ்ல "ஏன் பாக்கல"ன்னு நீங்க கேட்டா அது தலையை குனிஞ்சுக்கும், டவுன்லோடு ஆகலன்னு சொல்ல கூச்சப்படுதுங்க. அந்த பிள்ளை சோம்பேறி இல்ல டீச்சர்.

சரி, எம்பி எங்க இருந்து வருதுன்னு பாப்போம். ஆபீஸ் 2007ல இருந்து வர்ற பிபிடிஎக்ஸ் ஃபைல் உள்ளுக்குள்ள ஒரு ஜிப் தான், அதாவது பல ஃபைலை சுருக்கி கட்டின ஒரு மூட்டை, ஒரு காப்பி எடுத்து பேரோட கடைசில ஜிப்னு மாத்தி திறந்து பாருங்க, மீடியான்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், வெயிட்டு மொத்தமும் பெரும்பாலும் அதுலதான் கிடக்கும். நீங்க டைப் பண்ண எழுத்து சில கேபிதான். அதனாலதான் பிபிடியை திரும்ப ஜிப் பண்ணி அனுப்புறதுல ஒரு பிரயோஜனமும் கிடையாது, ஏற்கனவே சுருக்கினது இன்னும் எங்க சுருங்கும்.

முக்கியமான காரணம் போட்டோ. போன்ல புக்கோட பக்கத்தை எடுத்து அப்படியே ஸ்லைடுல போட்டுடுறோம். 12 மெகாபிக்சல்னா 4000க்கு 3000 புள்ளி, ஆனா புரொஜெக்டர் நல்லதா இருந்தாலே 1920க்கு 1080 தான் காட்டும், பிள்ளையோட போன்லயும் அதுக்கு மேல தேவையில்லை. மூலையை இழுத்து படத்தை சின்னதாக்கினா ஃபைலும் சின்னதாயிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆகாது, பழைய புள்ளி அத்தனையும் உள்ளேயே இருக்கும். ஏதாவது ஒரு படத்தை கிளிக் பண்ணுங்க, மேல பிக்சர் ஃபார்மட்ல கம்ப்ரஸ் பிக்சர்ஸ்னு இருக்கும், அதுல "இந்த படத்துக்கு மட்டும்"ங்கிற டிக்கை எடுத்துடுங்க, க்ராப் பண்ண, அதாவது ஓரத்துல வெட்டி மறைச்ச இடத்தை டெலிட் பண்ணுங்கிறதுக்கு டிக் போடுங்க, ரெசல்யூஷன் 150 பிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 150 புள்ளி, வைங்க. 96 வரைக்கும் போகலாம் ஆனா புக் பக்கம் இருக்குற ஸ்லைடுக்கு நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், பொடி எழுத்து மங்கிடும், கண்ணை இடுக்கி படிக்கிறதுக்கு படிக்காமலே விட்டுடுவாங்க. பண்ணிட்டு வேற பேர்ல சேவ் பண்ணுங்க, ஒரிஜினல் உங்ககிட்ட இருக்கட்டும், சேவ் பண்ணின பிறகு பழைய குவாலிட்டி திரும்ப வராது.

அந்த க்ராப் விஷயத்துல இன்னொண்ணு இருக்கு, இதை தயவுசெஞ்சு கவனிங்க. மார்க் லிஸ்ட்ல ஒரு பிள்ளையோட வரியை மட்டும் க்ராப் பண்ணி போட்டீங்கன்னா மத்த பிள்ளைங்க பேரு, மார்க்கு, அப்பா போன் நம்பர் எல்லாம் மறைஞ்சுதான் இருக்கு, போகல. ஃபைலை வாங்கின யாரும் க்ராப்பை திரும்ப இழுத்தா அத்தனையும் தெரியும். எம்பிக்காக இல்லாட்டியும் பிள்ளைங்க பாதுகாப்புக்காகவாவது அந்த டிக்கை போடுங்க. எக்ஸெல்ல இருந்து சார்ட்டை எம்பெட் பண்ணி, அதாவது எக்ஸெல் ஃபைலோட சேர்த்து உள்ள பதிச்சு, பேஸ்ட் பண்ணினாலும் இதே கதை, மொத்த ஷீட்டும் கூடவே வந்து உள்ள உக்காந்துக்கும், படமா பேஸ்ட் பண்ணிடுங்க.

அப்புறம் தமிழ் எழுத்து. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சா பிள்ளை போன்ல இங்கிலீஷ் எழுத்தா சிதறி வருதுன்னு பயந்து பாராவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டுறவங்க நம்ம குரூப்லயே இருக்காங்க, பயம் நியாயம்தான், ஆனா எல்லா போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோட்ல அடிச்சா அந்த பிரச்சனையே வராது, விண்டோஸ்ல லதாவோ நிர்மலாவோ போதும், போன்ல அந்த ஃபான்ட் இல்லன்னாலும் போனோட சொந்த தமிழ் ஃபான்ட்ல எழுத்து ஒழுங்கா தெரியும், லைன் கொஞ்சம் முன்ன பின்ன நகரும் அவ்ளோதான். பக்கத்துல மராத்தி வார்த்தை போட்டாலும் அப்படித்தான். எழுத்தா இருந்தா பிள்ளைங்க தேடலாம், காப்பி பண்ணலாம். படத்தை சேவ் பண்ற வகையில போட்டோவை பிஎன்ஜில வைக்காதீங்க, ஜேபெக்ல வைங்க, கோடு போட்ட டயகிராம்னா பிஎன்ஜி நல்லது.

வீடியோ உள்ள இருந்தா விண்டோஸ் பவர்பாயின்ட்ல ஃபைல், இன்ஃபோ போய் கம்ப்ரஸ் மீடியா கொடுத்து வீடியோ குவாலிட்டியை 480பிக்கு இறக்குங்க, ஆனா என்னை கேட்டா போனுக்கு அனுப்புற ஃபைல்ல வீடியோவே வேண்டாம், தனியா அனுப்புங்க, வேணும்ங்கிற பிள்ளை பாத்துக்கட்டும். ஆபீஸ் வாங்க முடியாதவங்களுக்கு லிப்ரேஆபீஸ் ஃப்ரீயா இருக்கு, அதோட டூல்ஸ் மெனுல மினிமைஸ் பிரசன்டேஷன்னு ஒண்ணு படம், தேவையில்லாத மாஸ்டர் ஸ்லைடு எல்லாத்தையும் ஒரே ஓட்டத்துல குறைச்சு கொடுத்துடும்.

கிளாஸ்ல காட்ட பெரிய ஃபைலை பென்டிரைவ்ல வச்சுக்கோங்க, குரூப்புக்கு பிடிஎஃப் மட்டும் போதும். சேவ் பண்ணும்போது மினிமம் சைஸ்னு கேக்கும், அதை எடுங்க. அனிமேஷன்ல ஒண்ணு மேல ஒண்ணா வர வச்ச ஸ்லைடு பிடிஎஃப்ல எல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சு படிக்கவே முடியாம போயிடும், அதை மட்டும் ரெண்டு ஸ்லைடா பிரிச்சிடுங்க.

வாட்ஸ்அப் 2022ல இருந்து 2 ஜிபி வரைக்கும் ஃபைல் அனுப்ப விடுது, அதனால அனுப்புற நமக்கு தடையே தெரியறதில்லை, வாங்குற பிள்ளைக்குத்தான் தெரியுது. இந்த ஞாயித்துக்கிழமை கிளாஸ் முடிஞ்சதும் லேப்டாப்போட கொஞ்சம் இருங்க, நானும் கூட உக்காந்து பண்ணித் தர்றேன். போர்டு எக்ஸாம் எழுதப்போற பத்தாவது பிள்ளைங்களோட சயின்ஸ் பாடம்தான் எல்லாத்துலயும் பெருசு, அதுல இருந்து ஆரம்பிப்போம், சின்ன ஃபைலுக்கு பேர்லயே "போனுக்கு"ன்னு போட்டுடுங்க, இல்லாட்டி குரூப்ல மேல கிடக்குற பழசையே தெரியாம இறக்கிடுவாங்க.