அந்தப் பழைய ஹேண்டிகேமை எடைக்குப் போடாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெண்ணுக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். காது இப்போது கொஞ்சம் மந்தம், மற்றபடி நன்றாக இருக்கிறார்கள். உன்னை எப்போது வருகிறாய் என்று கேட்கச் சொன்னார்கள். என் முழங்கால் வலி பழையபடிதான், படி ஏறாமல் சமாளிக்கிறேன்.

கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: மார்கழி பஜனையை லைவ் போட உங்கள் தெருக்காரர்கள் கேமரா கேட்கிறார்கள், அலமாரியில் கிடக்கும் ஹேண்டிகேம் இனி எதற்கும் ஆகாது, எடைக்குப் போட்டுவிடலாமா என்று. போடாதே. இந்தச் சித்திரையில் எங்கள் ஊர் பாரதத் திருவிழாவில் கூத்து முழுவதையும் அதன் ஜோடியை வைத்துத்தான் லைவ் கொடுத்தேன். ஸ்டூடியோ நடத்திய காலத்தில் நாம் சேர்ந்து வாங்கினோமே, அதில் என் பங்குக்கு வந்தது. பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் விடிய விடியப் பார்த்தார்கள்.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று என்னிடமும் கேட்டார்கள். கூத்துக் களத்தில் கூட்டத்துக்குப் பின்னால் ஸ்டாண்டைப் போட்டால், வேஷக்காரர் முகம் போனில் புள்ளி அளவுதான் தெரியும். விரலால் பெரிதாக்கினால் ஓரளவுக்கு மேல் படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறதே தவிர, லென்ஸ் கிட்டே போவதில்லை. நம் கேமராவில் லென்ஸே 10 மடங்கு, 20 மடங்கு நெருங்கும். அர்ச்சுனன் தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியில் உட்கார்ந்து வில்வத்தையும் எலுமிச்சம்பழத்தையும் வீசுவாரே, அப்போது அவர் முகத்தைத் தரையில் நின்றபடியே படச் சட்டம் (ஃப்ரேம்) நிறையப் பிடித்தேன். அந்த ஷாட்டைப் பார்த்துவிட்டு அவர் வீட்டிலிருந்து போன் செய்தார்கள். இத்தனை வருஷம் கூத்தாடியும் மேலே ஏறியபின் அவர் முகம் எப்படி இருக்கும் என்று வீட்டில் யாரும் பார்த்ததில்லையாம்.

இன்னொன்று, அதன் சிசிடி சென்சார், அதாவது ஒளியைப் படமாக்குகிற சில்லு. போனில் இருக்கிற சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். அதனால் வேஷக்காரர் வேகமாகச் சுழலும்போது கிரீடமும் புஜக்கட்டையும் சாய்ந்து நெளிந்த மாதிரி தெரியும். சிசிடி ஒரே வீச்சில் பிடிப்பதால் அந்த நெளிவு இல்லை. அதற்குப் பதில் வேறொரு குணம் உண்டு: ஃபோகஸ் லைட் நேராக லென்ஸில் பட்டால் மேலும் கீழுமாக ஒரு வெள்ளைக் கோடு விழும். விளக்கு சட்டத்துக்குள் வராதபடி ஸ்டாண்டைத் தள்ளிப் போட்டால் தீர்ந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேமராவில் பிரச்சினை இல்லை, அதிலிருந்து படத்தை எந்த வழியாக வெளியே எடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஓரத்து மூடிகளைத் திறந்து பார். மூன்று துளைகள் இருக்கும்: யுஎஸ்பி, ஏவி (படமும் சத்தமும் வெளியே வருவது), அப்புறம் டிவி (DV, டிஜிட்டல் வீடியோ; தொலைக்காட்சி இல்லை) என்றோ ஐ.லிங்க் என்றோ எழுதிய சின்ன 4 பின் துளை.

யுஎஸ்பியைத்தான் எல்லோரும் முதலில் தொடுவார்கள், அதை மறந்துவிடு. மெனுவில் யுஎஸ்பி ஸ்ட்ரீமிங் என்று இருக்கும்தான். ஆனால் அதற்குக் கேமராவோடு வந்த சிடியில் இருக்கும் டிரைவர் வேண்டும், அது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துச் சரக்கு. எப்படியோ ஓட வைத்தாலும் வருகிற படம் சின்னதாக, மங்கலாக இருக்கும்.

எனக்குப் பிடித்த வழி அந்த 4 பின் துளைதான், அதாவது ஃபயர்வயர். ஐஇஇஇ 1394 என்ற அந்தத் தரமும் டிவி கேசட் கேமராக்களும் 1995-இல் ஒன்றாகத்தான் வந்தன. கேமரா உள்ளேயே படத்தை நொடிக்கு 25 மெகாபிட் என்ற டிஜிட்டல் ஓட்டமாக மாற்றி, கேசட்டுக்கு எழுதுவதையே இந்தக் கம்பியிலும் அனுப்பும். நடுவில் அனலாகாக மாறித் திரும்புவது கிடையாது, பேட்டரி அளவு, நேரம் போன்ற எழுத்துகளும் படத்தின் மேல் வராது. ஆனால் உன் லேப்டாப்பில் அந்தத் துளை இருக்காது. பழைய டெஸ்க்டாப் இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்று போட்டுக்கொள், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாகப் பார்த்து. கேபிள் ஒரு பக்கம் 4 பின், மறுபக்கம் 6 பின். ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் ஃபயர்வயரும் உள்ள மலிவான கேபிள் விற்கிறார்கள், அதை வாங்காதே. யுஎஸ்பியில் கம்ப்யூட்டர் கேட்டால்தான் கருவி பதில் சொல்லும், ஃபயர்வயரில் இரண்டும் சமமாகப் பேசும். இரண்டு பேச்சும் வேறு, கம்பியை ஒட்டினால் மட்டும் மொழிபெயர்ப்பு நடக்காது.

இன்னொரு எச்சரிக்கை: 6 பின் பக்கத்தில் 30 வோல்ட் வரை மின்சாரம் வரலாம். தலைகீழாக அழுத்திச் செருகினால் போர்ட் போய்விடும். இரண்டையும் அணைத்துவிட்டு மாட்டு, பிறகு ஆன் செய்.

விண்டோஸில் சில சமயம் 1394 கார்டுக்குப் பழைய 'லெகசி' டிரைவரை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிப் போட வேண்டியிருக்கும். உன் மகனிடம் மேக் இருக்கிறதே என்று நினைக்காதே. 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-இல் ஃபயர்வயரையே எடுத்துவிட்டார்கள், பழைய பதிப்பாக இருந்தால் மட்டும் அடாப்டர் வைத்து முயலலாம். நான் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொண்டேன். அதில் ஃபயர்வயரை 2029 வரை பராமரிக்கத் திட்டம் வைத்திருக்கிறார்கள், நமக்கு அது போதும். டிவிகிராப் என்ற சின்ன நிரல் கேமராவிலிருந்து வரும் ஓட்டத்தை அப்படியே வாங்கும். அதை எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு நிரல் வாங்கிப் பிரித்து, வி4எல்2 லூப்பேக் என்ற நிரல் உருவாக்கித் தரும் போலிக் கேமராவுக்குள் ஊற்றும். அப்புறம் லைவ் அனுப்புகிற ஓபிஎஸ் என்ற மென்பொருளைத் திறந்தால் நம் ஹேண்டிகேம் சாதாரண வெப்கேம் மாதிரி பட்டியலில் நிற்கும். முதல் தடவை அது அங்கே வந்து நின்றபோது உன்னைக் கூப்பிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

இவ்வளவு சிரமம் வேண்டாம், பஜனைக்கு அவசரம் என்றால் ஏவி துளையைப் பிடி. யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக் (வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கிற சின்னக் கருவி) ஒன்று வாங்கி, அதில் கேமராவின் ஏவி கேபிளைச் செருகினால் எந்த லேப்டாப்பிலும் ஓடும். எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் பின்னை விட்டுவிட்டு அதையே பயன்படுத்து. மஞ்சளில் ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால், பட்டுச்சேலைக் கரை மாதிரி நுணுக்கமான இடங்களில் இல்லாத வண்ணங்கள் மினுங்கும். எஸ்-வீடியோவில் இரண்டும் தனித்தனியாக வரும். வேறு கேமராவின் ஏவி கேபிளை மாட்டிப் படம் வரவில்லையென்றால் பதறாதே. கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிவப்பு அல்லது வெள்ளைப் பின்னை மஞ்சள் இடத்தில் செருகிப் பார், படம் வந்துவிடும். மெனுவில் டிஸ்ப்ளே என்பதை எல்சிடி மட்டும் என்று வைத்துவிட்டால் எழுத்துகள் லைவில் தெரியாது.

உங்கள் தெருவில் யாரிடமாவது எச்டிஎம்ஐ துளை உள்ள, மெமரி கார்டு ஹேண்டிகேம் இருந்தால் வேலை இன்னும் சுலபம், எச்டிஎம்ஐ கேப்சர் ஸ்டிக் ஒன்றே போதும். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

எந்த வழியாக இருந்தாலும், கேசட்டை வெளியே எடுத்துவிடு. கேசட் உள்ளே இருந்தால் டேப்பும் ஹெட்டும் தேயக் கூடாது என்று சில நிமிஷத்தில் கேமரா தானாக அணைந்துவிடும். எடுத்துவிட்டால் அணையாது, ஆனால் பல மாடல்களில் 10 நிமிஷம் கழித்து டெமோ ஓட ஆரம்பிக்கும். கடை ஷோகேஸில் வைக்கப் போட்ட வசதி அது. மெனுவில் டெமோ மோடை ஆஃப் செய்து வை. பழைய பேட்டரியை நம்பாதே, அடாப்டரிலேயே ஓட்டு. உன் கேமராவில் கேசட்டை விழுங்குகிற கோளாறு இருந்ததே, அது இதற்குப் பெரும்பாலும் தடையில்லை. கேமரா மோடில் திரையில் படம் தெரிந்தால் அந்தப் படம் வெளியேயும் வரும்.

ஓபிஎஸ்ஸில் இரண்டு விஷயம் கவனி. நம் கேமரா பிஏஎல் என்ற வீடியோ முறை, 720 பெருக்கல் 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு ஃபீல்டாக, வெவ்வேறு நேரத்தில் எடுக்கப்பட்டது. அப்படியே காட்டினால் கை அசையும்போதெல்லாம் சீப்புப் பல் மாதிரி ஓரம் பிரியும். கேப்சர் ஸ்டிக் என்றால் அந்த சோர்ஸ் மேல் வலது க்ளிக் செய்து, இந்தப் பிரிவைப் போக்குகிற டீஇன்டர்லேசிங் அமைப்பில் யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடு. படம் முன்னும் பின்னுமாக உதறினால் ஃபீல்டு வரிசையை மாற்று. டிவி ஓட்டத்தில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும். நான் ஃபயர்வயர் வழியில் எஃப்எஃப்எம்பெக்கிலேயே இதை முடித்துவிடுகிறேன். பிறகு ஓபிஎஸ்ஸின் வேகத்தை 50 என்று வை, ஆட்டம் தண்ணீர் போல ஓடும்.

அடுத்தது முகம். 720க்கு 576-ஐ அப்படியே வைத்தால் எல்லோரும் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிவார்கள். 4:3 படமானால் 768க்கு 576 என்றும், அகலத் திரையில் எடுத்தால் 1024க்கு 576 என்றும் இழுத்துவிடு. நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். வேஷம் கட்டி உட்கார்ந்தவரின் முகம் இழுபட்டுத் தெரிவதை என்னால் பார்க்க முடியாது.

சத்தத்தைக் கேமரா மைக்கில் எடுக்காதே. மைக்செட்காரரிடம் கேட்டு மிக்ஸரின் லைன் அவுட்டைக் கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்குக் கொண்டு வா. கேமராவின் மைக் துளைக்குள் நேராகக் கொடுத்தால் சத்தம் உடைந்து போகும், அது மைக் அளவுக்கான துளை. கொர்ரென்று ஹம் வந்தால் நடுவில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடு. சத்தம் தனியாக வருவதால் படத்துக்கு முந்திக்கொள்ளும். ஓபிஎஸ்ஸில் ஆடியோவின் மேம்பட்ட அமைப்பில் சிங்க் ஆஃப்செட் என்று மில்லி செகண்டில் தள்ளிப் போடலாம். தாளம் போடுபவரின் கையைக் கிட்டே பிடித்துக்கொண்டு, இரண்டு தகடும் மோதும்போது சத்தம் சேர்கிறதா என்று பார்த்துச் சரி செய்தேன். உனக்கு ஜால்ரா இருக்கிறது.

யூடியூபில் சேனலுக்கு லைவ் அனுமதியை முன்னாடியே கேட்டு வை, முதல் தடவை திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். நொடிக்கு 2500 கிலோபிட் போதும் நம் படத்துக்கு. மணிக்கு ஏறக்குறைய 1.2 ஜிபி ஓடும், மொபைல் டேட்டாவில் போடுவதாக இருந்தால் கணக்குப் பார்த்துக்கொள். 12 மணி நேரத்துக்குள் முடித்தால் முழுவதும் தானாகச் சேமித்து வைக்கும். இரவு பத்துக்குத் தொடங்கி விடிந்து முடிகிற கூத்துக்கே இடம் இருக்கிறது, உன் பஜனைக்குக் கேட்க வேண்டுமா.

ஒயிட் பேலன்ஸை மட்டும் நீயே போட்டு வை. ஆட்டோவில் விட்டால் பெட்ரோமாக்ஸ் மாதிரி மஞ்சளும் ட்யூப்லைட் நீலமும் மாறி மாறி அலைபாயும். நான் துரியோதனன் வீழும் படுகளத்தன்று பொழுது புலர்ந்ததும் கையால் மாற்றினேன்.

இன்னொரு காரணமும் சொல்கிறேன், இதை விடப் பெரிது. ஃபயர்வயர் வழி அமைந்துவிட்டால், நம் பழைய கேசட்டுகளையும் அதே கம்பியில் கம்ப்யூட்டருக்குள் இறக்கலாம். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 13 ஜிபி பிடிக்கும். உன் அப்பாவின் மணிவிழாக் கேசட் என்னிடம்தான் இருக்கிறது. அதில் அவர் மைக்கை வாங்கி எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், நீ அதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று? என் கேமராவில் கேசட் நன்றாகவே ஓடுகிறது. டேப்பில் ஒட்டு விழுவதற்குள் அதை முதலில் இறக்கிவிடப் போகிறேன், பென்டிரைவில் போட்டு அனுப்புகிறேன்.

நீ செய்ய வேண்டியது: கேமராவின் ஓரத்து மூடிகளைத் திறந்து துளைகளைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடு. அடாப்டர் இருக்கிறதா என்றும் பார். என்னிடம் 4 பின், 6 பின் கேபிள் ஒன்று கூடுதலாக இருக்கிறது. 4 பின் துளை இருந்தால் அதை ஓசூர் பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுகிறேன். இல்லையென்றால் எந்தக் கேப்சர் ஸ்டிக் வாங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். மார்கழிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிடலாம், தங்கச்சியிடம் சொல்லி வை. அம்மாவையும் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஸ்டூடியோ கூட்டாளி