ஷீட் ஒட்டும் முன்: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அவளிடம் சொல்லிவிடு. இங்கே அனைவரும் நலம்.

கார் இரைச்சல் தாங்க முடியவில்லை, பியூட்டைல் ஷீட் (ஒட்டும் ரப்பரின் மேல் அலுமினியத் தாள் வைத்தது) வாங்கி உள்ளே முழுக்க ஒட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒட்டு, ஆனால் முழுக்க வேண்டாம். அந்த ஷீட் தகரத்தின் அதிர்வை மட்டும்தான் அடக்கும். மேலே இருக்கும் அலுமினியத் தாள் விறைப்பாக நிற்க, தகரத்துக்கும் அதற்கும் நடுவே பியூட்டைல் இழுபட்டு அதிர்வைச் சூடாக மாற்றிவிடுகிறது. பெரிய தட்டையான தகரத்தில் கால் பங்கை மூடினாலே பெரும்பாலான அதிர்வு அடங்கிவிடும். மீதியை மூடினால் கூடுவது எடைதான். 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ வரும். தார் ஷீட்டை மலிவு என்று வாங்கிவிடாதே. வெயிலில் இளகி நாறும், கதவுக்குள்ளிருந்து கழன்று விழும்.

வாங்குவதற்கு முன் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார். ரோட்டின் பரப்பு மாறியதும் இரைச்சலும் மாறினால் அது டயர். வேகம் கூடும்போது காதுப் பக்கம் ‘உஸ்’ என்று ஏறினால் காற்று. வண்டி நிற்கும்போதே ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப உயர்ந்தால் இன்ஜின். காற்றுச் சத்தத்துக்கு ஷீட் உதவாது, கதவு பீடிங்கைத்தான் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை) பார்க்க வேண்டும். ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழு. தடையில்லாமல் உருவிக்கொண்டு வரும் இடத்தில் பீடிங் தேய்ந்திருக்கிறது, மாற்று. டயர் பழசாகி ரப்பர் இறுகியிருந்தாலும், ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தாலும், உள்ளே எத்தனை அடுக்கு ஒட்டினாலும் அந்த ஊளை முழுசாகப் போகாது.

சின்ன காரில் டயர் இரைச்சல் அதிகம் வருவது டிக்கியும் பின் வீல் ஆர்ச்சும் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைந்த தகரம்) இருக்கும் பகுதியிலிருந்து. அங்கிருந்து தொடங்கு. பிரித்து மாட்டுவதும் அங்கேதான் சுலபம். தகரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்: ‘டங்’ என்று நீண்டு ஒலிக்கும் இடத்தில் ஒட்டு, ‘டொக்’ என்று உடனே அடங்கும் இடத்தை விட்டுவிடு. ஒட்டுமிடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடு. தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் சில மாதங்களில் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒட்டியதும் சின்ன இரும்பு ரோலரால், தாளின் மேலுள்ள புடைப்பு வடிவம் மட்டமாகும் வரை அழுத்தித் தேய். கையால் அமுக்கினால் அடியில் காற்று நிற்கும், அந்த இடம் வேலை செய்யாது. தாளின் ஓரம் பிளேடு மாதிரி, கையுறை இல்லாமல் தொடாதே.

கதவுதான் நிதானம் வேண்டிய இடம். கண்ணாடி இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது கீழ் விளிம்பிலுள்ள ஓட்டைகள் வழியே வெளியேற வேண்டும். அவற்றை அடைத்தால் தண்ணீர் தேங்கி, கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். டோர் பேடுக்கு (கதவின் உள்பக்க மூடி) பின்னால் உள்ள பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் கழற்றி, முன்பிருந்தபடியே கீழ் ஓரத்தைக் கதவுத் தகரத்துக்குள் செருகி ஒட்டு. அது தகரத்துக்கு வெளியே சீட் பக்கம் தொங்கினால் அடுத்த மழையில் கார்ப்பெட் நனையும். கண்ணாடி இறங்கும் வழி, பூட்டுக் கம்பிகள், ஏர்பேக் சென்சார் எதன் மேலும் ஷீட் படக்கூடாது. டோர் பேட் கிளிப்புகளில் சில உடையத்தான் செய்யும், ஒரு டஜன் முன்கூட்டியே வாங்கி வை.

காரின் தரையில் அதிர்வு அடக்கியதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். காற்று வழி வரும் சத்தத்தைத் தடுக்கக் கனமும் தொய்வும் உள்ள வினைல் வேண்டும், எம்எல்வி என்பார்கள். சதுர மீட்டருக்கு 5 கிலோ உள்ளதை எடு. அதைத் தகரத்தில் நேராக ஒட்டாமல், அடியில் 5 மி.மீ. மூடிய துளை ஃபோம் (தண்ணீர் உறிஞ்சாதது) விரித்து அதன் மேல் போடு. இடைவெளி விடாதே: பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எவ்வளவு கனமாகப் போட்டாலும் தடுப்பு சுமார் 20 டெசிபெலைத் தாண்டாது. தண்ணீர் உறிஞ்சும் பஞ்சையோ மெத்தை ஃபோமையோ தரையில் போடாதே.

சீட்டைக் கழற்றுமுன் பேட்டரி நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் பொறு. அடியில் உள்ள மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குடையவை. அவை கழன்றிருக்கும்போது சாவி போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும், ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க நேரும். மாட்டும்போது சீட் போல்ட்டுகளை மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முடுக்கு. கூரையை இப்போதைக்கு விடு. கர்ட்டன் ஏர்பேக் (கூரை ஓரத்தில் இருக்கும் ஏர்பேக்) உள்ள வண்டியில் அதைப் பிரிப்பதற்கு, கிடைக்கும் பலன் ஈடாகாது.

அளவுக்கு: சின்ன காருக்கு பியூட்டைல் 4 முதல் 5 சதுர மீட்டர், எம்எல்வியும் ஃபோமும் 3 முதல் 4. மொத்தம் 30 கிலோ வாக்கில் ஏறும், கிட்டத்தட்ட ஒரு சிறுவனை எப்போதும் ஏற்றிக்கொண்டு போவது போல. பெரிய இரைச்சல் குறைந்ததும் இதுவரை கேட்காத டாஷ்போர்டு கடகடப்பு வெளியே வரும். அதற்குத் துணி டேப் ஒரு சுருள் வைத்துக்கொள், பிளாஸ்டிக்கும் வயரும் உரசும் இடத்தில் சுற்றினால் போதும்.

ஒரே ரோடு, ஒரே வேகம், ஏசி அணைத்து, போனை ஒரே இடத்தில் வைத்து, வேலைக்கு முன்னும் பின்னும் ஆப்பில் சத்தத்தை அளந்து பார். 3 டெசிபெல் குறைந்தாலே காதுக்குத் தெரியும். டிக்கி வேலை முடிந்ததும் என்ன காட்டுகிறது என்று எழுது. டயர் சைஸையும், அது வாங்கிய வருஷத்தையும் சேர்த்து எழுது, கதவுக்குப் போகலாமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு