கறுப்பு வெள்ளையில் தொலைந்த பாட்டுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டி என்றாலே 1974-இல் ஸ்வீடனின் ‘அப்பா’ (ABBA) இசைக்குழு ஜெயித்த கதையைத்தான் பலரும் எழுதுகிறார்கள். அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைக் காலத்தை யாராவது விரிவாக எழுத வேண்டும்.

1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் முதல் போட்டி. ஏழே நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு. டிவி இருந்த வீடுகள் குறைவு என்பதால் பெரும்பாலோர் வானொலியில்தான் கேட்டார்கள். ஜெயித்தவர் அந்நாட்டுப் பாடகி லிஸ் ஆசியா. வென்ற பாட்டை மறுபடி பாட வந்தவர், எடுத்த எடுப்பிலேயே உணர்ச்சிவசப்பட்டுத் தடுமாறி, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். அந்தத் துண்டுப் படம் இருக்கிறது. முழு நிகழ்ச்சி இல்லை.

1964 கோபன்ஹேகன் போட்டியை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது. ‘காதலிக்க எனக்கு வயது வரவில்லை’ என்று பாடி ஜெயித்த இத்தாலியின் ஜில்யோலா சின்குவெட்டிக்கு அப்போது 16 வயது. ஸ்பெயின், போர்ச்சுகல் சர்வாதிகாரிகளுக்கு எதிரான பதாகையோடு ஒருவர் மேடையேறியதும் அன்றுதான். ஒலிப்பதிவு இருக்கிறது, படமோ சில துண்டுகள்தான் மிச்சம்.

1968-இல் கலர் வந்துவிட்டது. சரி, அதற்கு முன் தொலைந்த படச்சுருள்கள்? ஏதாவது கிடங்கிலோ வீட்டுப் பரணிலோ கிடக்கலாம். ஐரோப்பிய ஒலிபரப்பு நிலையங்கள் சேர்ந்து தேட வேண்டும். சின்குவெட்டி என்ற அந்தச் சிறுமி 1964-இல் முதல்முறை பாடியபோது முகம் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

– வாசகர், மதுரை