தொகுத்தவரையும் மதிப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைகதைகள், மிகுபுனைவுகள் (ஃபேன்டசி), திகில் கதைகள் ஆகியவற்றைச் சேர்த்து வெளிவந்த ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றித் தங்கள் நாளிதழின் நூல் பகுதியில் அண்மையில் வந்த மதிப்புரையைப் படித்தேன். இருபதுக்கும் மேற்பட்ட கதைகளில் ஏழெட்டை எடுத்துக்கொண்டு, கதைக்கு இரண்டு வரி வீதம் எழுதிவிட்டு, சில நன்றாக இருக்கின்றன, சில சுமார்தான் என்று மதிப்புரையாளர் முடித்திருந்தார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆனால், அந்தக் கதைகளைத் தேடி எடுத்து, வேண்டாதவற்றை ஒதுக்கி, எது முன், எது பின் என்று அடுக்கி, முன்னுரையும் எழுதிய தொகுப்பாசிரியரின் பெயர் நூல் விவரக் குறிப்பில் ஒருமுறை வந்ததோடு சரி. தொகுப்பு என்றாலே இப்படித்தான் எழுதுவது என்பது வழக்கமாகிவிட்டதால் அந்த மதிப்புரையாளர் ஒருவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இந்த மூன்று வகைக் கதைகளைப் பொறுத்தவரை தொகுப்பாசிரியரை விட்டுவிட்டு எழுதுவது நூலில் பாதியைப் படிக்காமலே எழுதுவதாகும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்லவே இக்கடிதம்.

இவ்வகை எழுத்து சிறுகதையில்தான் பெரிதும் வேர்பிடித்தது. ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய கதையே வாசகர் மனத்தில் முழு விளைவை உண்டாக்கும் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் எழுதினார். அச்சத்துக்கு அது மிகவும் பொருந்தும், ஏனெனில் நூறு பக்கத்துக்கு மேல் நீளும் அச்சம் பெரும்பாலும் பழக்கமாகிவிடுகிறது. அறிவியல் புனைகதையிலும், இப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்கச் சிறுகதையே ஏற்ற அளவு. ஆனால், அமெரிக்காவில் இந்தக் கதைகள் அச்சான இதழ்கள் மலிவான மரக்கூழ்த் தாளில் வந்தவை. அமிலம் மிகுந்த அந்தத் தாள் சில ஆண்டுகளிலேயே பழுத்து, ஓரங்கள் நொறுங்கத் தொடங்கிவிடும். அடுத்த மாத இதழ் வந்ததும் முந்தைய இதழ் எடைக்குப் போய்விடும். டொனால்ட் வோல்ஹைம் 1943இல் கொண்டுவந்த சட்டைப்பை அளவுத் தொகுப்பும், 1946இல் ஹீலி, மெக்காமஸ் இருவரும் சேர்ந்து ஒன்றும் கிராஃப் காங்க்ளின் ஒன்றுமாக வெளியிட்ட இரண்டு பெருந்தொகுப்புகளும்தாம் அவற்றுள் பல கதைகளை நூலக அலமாரிக்குக் கொண்டுசேர்த்தன. ஹீலி, மெக்காமஸ் தொகுப்பின் கதைகளில் பெரும்பாலானவை 'அஸ்டவுண்டிங்' என்ற ஒரே இதழிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பின்னாளில் பொற்காலம் என்று பேசப்பட்ட ஒன்றில் எத்தனை பங்கு ஒரே இதழாசிரியரின் ரசனை என்பதை, தொகுப்பின் பின்புலத்தை அறியாமல் அளவிட முடியாது.

இதைவிடப் பழைய சான்று ஒன்று உண்டு. 1812இல் பாரிஸில் 'ஃபான்டாஸ்மகோரியானா' என்ற பேய்க்கதைத் தொகுப்பு வெளிவந்தது. ஜெர்மன் கதைகளைத் தேர்ந்து பிரெஞ்சில் பெயர்த்தவர் எய்ரியெஸ். ஆனால் நூலில் அவர் பெயர் இல்லை. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து உலகின் பருவநிலையையே குலைத்ததற்கு அடுத்த ஆண்டான 1816இல், மழை ஓயாத ஒரு கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீட்டில் அடைபட்டுக் கிடந்த ஆங்கிலக் கவிஞர்கள் பைரன், ஷெல்லி, பின்னர் ஷெல்லியை மணந்த மேரி, மருத்துவர் போலிடோரி ஆகியோர் கையில் அந்தத் தொகுப்பு கிடைத்தது. அதைப் படித்த பிறகே, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதிப் பார்ப்போம் என்று பைரன் சொன்னார். அப்போது பதினெட்டு வயதான மேரி எழுதத் தொடங்கியது 1818இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலாகவும், போலிடோரி எழுதியது 1819இல் 'தி வாம்பயர்' கதையாகவும் வெளிவந்தன. 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் மேரி ஷெல்லி அந்தத் தொகுப்பின் இரண்டு கதைகளை நினைவுகூர்ந்து, பிறகு அந்நூலைக் கண்ணால் பார்த்ததில்லை என்றாலும் நேற்றுப் படித்தது போல் இருக்கிறது என்கிறார். கதைகளை நினைவில் வைத்திருந்தவர், தொகுத்தவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெயரே அச்சிடப்படாதபோது அவர் மீதும் பிழையில்லை.

தொகுப்பாசிரியரின் கை ஒரு கதையை எந்த அளவுக்கு மாற்றும் என்பதை நான் உணர்ந்தது ஜூடித் மெரிலின் 'தட் ஒன்லி எ மதர்' என்ற கதையால். 1948இல் வெளிவந்த கதை அது. அணுக்கதிர் வீச்சு பரவிய ஒரு போர்க்காலத்தில், தொலைவில் பணியாற்றும் கணவனுக்கு ஒரு பெண் கடிதங்கள் எழுதுகிறாள். குழந்தை பிறந்ததையும், அது வியக்கத்தக்க அறிவோடு மிக விரைவில் பேசத் தொடங்கியதையும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறாள். பிறகு கணவன் வீடு திரும்புகிறான். நான் அதை முதலில் படித்தது 1970இல் ராபர்ட் சில்வர்பெர்க் பதிப்பித்த 'சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஹால் ஆஃப் ஃபேம்' முதல் தொகுதியில். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்க உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்த கதைகள் அவை; 1934 முதல் 1963 வரை வெளியான 26 கதைகள், எழுத்தாளருக்கு ஒன்று என்ற விதிப்படி, கால வரிசையில். அதில் தம் பெயரில் தனியாக இடம்பெற்ற ஒரே பெண் மெரில்தான், சி. எல். மூர் தம் கணவரோடு சேர்ந்து எழுதிய கதை ஆண் பெயரிலான புனைபெயரில் இருக்கிறது. அந்த வரிசையில், விண்கலங்களுக்கும் எந்திர மனிதர்களுக்கும் நடுவே படித்தபோது, ஹிரோஷிமாவுக்குப் பிந்தைய அச்சத்தைச் சொல்லும் அணுயுகக் கதையாகவே எனக்கு அது தோன்றியது. பிறகு பமீலா சார்ஜென்ட் 1975இல் தொகுத்த, பெண்கள் எழுதிய அறிவியல் புனைகதைகள் மட்டுமே கொண்ட 'விமன் ஆஃப் ஒண்டர்' நூலில் அதே கதையை மறுபடி படித்தேன். ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் இம்முறை கதிர்வீச்சு பின்னால் போய், அந்தத் தாய் எழுதும் கடிதங்களில் எதைச் சொல்கிறாள், எதைத் தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்கிறாள் என்பது முன்னால் வந்து நின்றது. கணவன் படியேறி வரும் பக்கத்தில் என் அனுதாபம் யார் பக்கம் இருந்தது என்பதுகூட மாறிவிட்டது. ஒரே கதை அண்டைக் கதைகள் மாறியதும் வேறு கதையாகிறது என்றால், அந்த அண்டையை அமைத்தவரைப் பற்றி மதிப்புரை பேசத்தானே வேண்டும்?

புதைந்ததைத் தோண்டி எடுப்பதும் அவர் வேலைதான். கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1920இல் 'தி காமெட்' என்ற கதையை எழுதினார். வால்மீன் ஒன்றின் நச்சுக் காற்றில் நியூயார்க் நகரமே மடிந்துபோக, ஒரு கறுப்பின ஆணும் ஒரு வெள்ளையினப் பெண்ணும் தாங்கள் இருவர் மட்டுமே எஞ்சியிருப்பதாக நம்புகிறார்கள். பெரும்பாலும் கட்டுரைகளால் ஆன ஒரு நூலுக்குள் அது அச்சானதால், அறிவியல் புனைகதை வாசகர்களில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. ஷெரீ தாமஸ் 2000ஆம் ஆண்டில் தொகுத்த 'டார்க் மேட்டர்' தான் எண்பது ஆண்டுகள் கழித்து அதை இவ்வகை எழுத்தின் வரலாற்றுக்குள் வைத்தது. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸும் அவருடைய நண்பர்கள் இருவரும் 1940இல் ஸ்பானிய மொழியில் தொகுத்த மிகுபுனைவு நூலையும் இங்கே சொல்லலாம். பழைய சீன ஞானியின் சில வரிக் கனவும் நவீன எழுத்தாளரின் முழுக் கதையும் அதில் தயக்கமின்றி அருகருகே அமர்ந்திருக்கும்.

அடுக்குமுறையைப் பற்றி ஒன்று. திகில் தொகுப்பைப் படிக்கும் வாசகர் மூன்றாவது கதையிலேயே உஷாராகிவிடுகிறார். கதவு கிரீச்சிட்டால் அதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கடைசி வரியில் கதைசொல்லியே இறந்தவன் என்று தெரியவரும் கதைகள் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் கெட்டன. தேர்ந்த தொகுப்பாசிரியர் அந்த இடத்தில் பேயே வராத கதை ஒன்றை வைப்பார்; அங்கே வாசகர் வீணாகப் பேயை எதிர்பார்த்துக் காத்திருப்பதே அச்சமாகிவிடும். அறிவியல் புனைகதையில் சிக்கல் வேறு. ஒவ்வொரு கதையும் தன் உலகத்தின் விதிகளை முதல் இரண்டு பக்கத்தில் வாசகருக்குக் கற்பித்தாக வேண்டும். இருபது கதை என்றால் இருபது முறை புதிதாகக் கற்க வேண்டும். நீளமான கனத்த கதைக்குப் பின் நான்கு பக்கக் கதை ஒன்று வருவது தற்செயல் அன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, தொகுப்பாசிரியர்கள் கடமை தவறும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். மொழிபெயர்ப்புத் திகில் கதைத் தொகுப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. எந்தக் கதை எந்த ஆண்டில், எங்கே முதலில் வந்தது, எந்த மொழியிலிருந்து வந்தது, யார் பெயர்த்தது என்ற விவரம் ஒன்றும் அதில் இல்லை. ஒரு கதையில், தனித்த வீட்டில் தங்கியிருக்கும் மனிதர் ஆபத்தை உணர்ந்ததும் விளக்கைத் தூண்டிவிட்டு உட்கார்ந்து, ஒரு தந்தி வாசகத்தை நிதானமாக எழுதி வேலையாளிடம் கொடுத்தனுப்புகிறார். இன்றைய எழுத்தாளர் யாரோ வேண்டுமென்றே பழமைச் சாயம் பூசியிருக்கிறார் என்று எண்ணி, 'மிகை' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். சில ஆண்டுகளுக்குப் பின் அதே கதையை வேறொரு தொகுப்பில் கண்டேன். அடியில் ஆண்டு போட்டிருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி. அந்தத் தந்தி அலங்காரமே அன்று. அந்த மனிதருக்கு வாய்த்த மிக விரைவான செய்தி அதுதான், அதுவும் உரிய நேரத்தில் போய்ச் சேராது என்பதுதான் கதையின் திகிலே. நான் எழுதியதை அழித்துவிட்டேன். தடம் மட்டும் இன்னும் தெரிகிறது.

தொகுத்தவரையும் தொகுப்பித்தவரையும் மறவாத மொழி நம்முடையது என்பதால் இந்தக் குறை எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்றும், அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் உக்கிரப்பெருவழுதி என்றும் இன்றளவும் சொல்கிறோம். புலவரின் பெயர் தெரியாத இடத்திலும் அநாமதேயமாக விட மனமில்லாமல், பாட்டில் வரும் தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்றும், அதற்கு அடுத்த பாட்டுக்கே அணிலாடு முன்றிலார் என்றும் குறித்து வைத்தார்கள். அச்சும் கணினியும் உள்ள காலத்தில் மொழிபெயர்ப்பாளரின் பெயர் கிடைக்கவில்லை என்பதை நம்புவது கடினம்.

பழைய கதைகளைத் திரட்டுவது போலன்றி, புதிய கதைகளை எழுதி வாங்கிப் போடும் தொகுப்புகள் வேறு வகை. ஃபிரெடெரிக் போல் 1953இல் தொடங்கிய வரிசை இதற்கு ஒரு முன்னோடி, ஆர்தர் சி. கிளார்க் எழுதிய, கடவுளின் பெயர்களைக் கணினி கொண்டு எழுதி முடிக்கும் துறவிகளின் கதை முதலில் வெளிவந்தது அதில்தான். ஹார்லன் எலிசன் 1967இல் வெளியிட்ட 'டேஞ்சரஸ் விஷன்ஸ்' இதழ்கள் அச்சிடத் தயங்கிய கதைகளைக் கேட்டு வாங்கியது. 33 கதைகள், ஒவ்வொன்றுக்கும் அவருடைய நீண்ட முகவுரை, எழுத்தாளரின் பின்னுரை. சில இடங்களில் முகவுரைகளே கதையை மறைத்துக்கொண்டு நிற்கும், அதுவும் ஒரு குணம்தான். 1972இல் இரண்டாம் தொகுப்பு வந்தது. மூன்றாவது வரும் என்று அறிவித்துக் கதைகளையும் வாங்கி வைத்துக்கொண்டவர் 2018இல் இறக்கும்வரை அதை வெளியிடவில்லை. கொடுத்தவர்களில் பலர் காத்திருந்தே இறந்துபோனார்கள். 2024இல்தான் அதன் ஒரு வடிவம் வேறொருவர் கையால் வெளிவந்தது. ஒரே மனிதர் ஒரு தலைமுறையின் கதைகளுக்கு வாசலைத் திறந்தும் விட்டார், அடைத்தும் வைத்தார். புகழ்வதானாலும் பழிப்பதானாலும் எழுத வேண்டியது அவரைப் பற்றித்தான்.

ஆண்டுத் தொகுப்புகளுக்கு வேறு அளவுகோல் தேவை. கார்ட்னர் டோஸுவா 1984 முதல் 2018 வரை ஆண்டுக்கொன்றாக 35 அறிவியல் புனைகதைத் தொகுப்புகள் வெளியிட்டார். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அந்த ஆண்டின் நிலவரத்தை விரிவாக எழுதினார், இறுதியில் தாம் சேர்க்காத நல்ல கதைகளின் பட்டியலையும் கொடுத்தார். திகில் கதைக்கு எலன் டாட்லோ 2009 முதல் அதே முறையில் செய்துவருகிறார். சேர்க்காதவற்றின் பட்டியலையும் வெளியிடுபவரின் தேர்வோடு நாம் வழக்காட முடியும். பட்டியல் இல்லாத இடத்தில் வழக்காட என்ன இருக்கிறது?

ஆகவே, தங்கள் நூல் பகுதியில் இனி இத்தகைய தொகுப்பு மதிப்புரைக்கு வரும்போது, கதைச்சுருக்கங்களில் இரண்டைக் குறைத்தாவது, தொகுப்பாசிரியரின் பெயரைத் தலைப்புக்கு அடுத்தே இடுமாறும், கதைகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன, ஆண்டும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் தரப்பட்டுள்ளனவா, எந்த மொழி, யார் எழுத்து விடுபட்டிருக்கிறது, முன்னுரையில் சொன்ன நோக்கம் கதை வரிசையில் நிறைவேறியிருக்கிறதா என்பதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன். முதலில் குறிப்பிட்ட அந்த நூலையே எடுத்துக்கொள்வோம். மதிப்புரையில் சுமார் என்று தள்ளப்பட்ட கதைகளில் இரண்டை, ஏன் சேர்த்தேன் என்று அதன் தொகுப்பாசிரியர் முன்னுரையில் பெயர் சொல்லியே வாதிட்டிருக்கிறார். அவர் வாதத்தை நான் முழுவதும் ஏற்கவில்லை. இரண்டாவது கதை எனக்கும் சுமாராகத்தான் பட்டது. ஆனால் அந்த வாதத்துக்குத் தங்கள் மதிப்புரையாளர் என்ன பதில் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நூல் பகுதியின் நெடுநாள் வாசகர்