பழைய ஃப்ளாஷ் கோப்புகளை வெட்டுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

இணையத்தில் காணொளிகளையும் அனிமேஷன்களையும் இயக்கிவந்த ஃப்ளாஷ் பிளேயர் என்ற மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆனால் அதற்கு முன் இணையத்தில் ஏறிய சித்திரைத் திருவிழா, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக் காட்சிகளும், குறுந்தகட்டில் வந்த அனிமேஷன் பாடங்களும் எஃப்எல்வி (FLV, காணொளி), எஸ்டபிள்யூஎஃப் (SWF, அனிமேஷன்) என்ற ஃப்ளாஷ் கோப்புகளாக மதுரை வட்டாரத்தில் பலரது கணினிகளில் இன்னும் கிடக்கின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காக வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எம்பி4 ஆக்கிக்கொண்டு, மூலக் கோப்பை அழித்துவிடுகிறார்கள். இது பெரும் இழப்பு.

எஃப்எல்வி கோப்பை விஎல்சி பிளேயர் இன்றும் இயக்கும். ஆனால் அதில் அடுத்தடுத்து ஓடும் சட்டகங்கள் (ஃபிரேம்கள்) எல்லாமே முழுப் படங்கள் அல்ல. இடையிடையே ஒரு முழுப் படம் வரும், அடுத்து வருபவை மாறிய பகுதிகளை மட்டுமே சுமந்திருக்கும். அழகர் ஆற்றில் இறங்கும் நொடியிலிருந்தே வேண்டும் என்று, அதற்குச் சற்று முன்னிருக்கும் முழுப் படத்தை விட்டுவிட்டு வெட்டினால், தொடக்கத்தில் கட்டம் கட்டமாகச் சிதைந்த காட்சியே மிஞ்சும். முழுப் படம் உள்ள இடத்தில் தொடங்கி, எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவியால் மறுபடி சுருக்காமல் அப்படியே நகலெடுத்து வெட்டினால் தரம் குறையாது. ஏற்கெனவே மங்கலாக இருக்கும் 320க்கு 240 புள்ளிப் படத்தை மீண்டும் சுருக்கினால் முகங்களே அடையாளம் தெரியாமல் போய்விடும்.

எஸ்டபிள்யூஎஃப் கோப்பில் பெரும்பாலும் கோட்டு வடிவப் படங்களும் அவற்றை இயக்கும் நிரலும் இருக்கும். மாணவர் பொத்தானை அழுத்தி விடையைச் சரிபார்க்கும் பாடத்தைக் காணொளியாக மாற்றினால், பார்க்க முடியுமே தவிர அழுத்த முடியாது. அத்தகைய கோப்புகளை வெட்டவே கூடாது என்பது என் கருத்து. அவற்றில் பலவற்றை ரஃபிள் என்ற கட்டற்ற மென்பொருள் இன்றைய உலாவியிலேயே இயக்குகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகம் 2020 நவம்பரிலிருந்தே அதைக் கொண்டு பழைய ஃப்ளாஷ் படைப்புகளைக் காட்டி வருகிறது.

மதுரையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இதற்கென ஒரு மேசையும், குறுந்தகடு படிக்கும் கணினி ஒன்றும் ஒதுக்க வேண்டுகிறேன். மக்கள் கொண்டுவரும் கோப்பை வெட்டாமல், பெயரையும் மாற்றாமல் இரண்டு இடங்களில் சேமித்து, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எடுத்தது என்பதைக் கொடுப்பவரிடமே கேட்டு எழுதிவைக்க வேண்டும். பார்ப்பதற்கான வெட்டிய நகல்களைத் தனியே வைத்துக்கொள்ளலாம். இப்போது விற்பனைக்கு வரும் மடிக்கணினிகள் பலவற்றில் குறுந்தகடு இயக்கியே இல்லாததால், இந்த ஏற்பாட்டை நூலகத் துறை இவ்வாண்டிலேயே தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செல்லூர், மதுரை.